ஏழு சேனல் ரிசீவரும் இரண்டு ஸ்பீக்கரும்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே, சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் ஒன்று இருக்கிறது. கறுப்பு நிறம், ஒரு ஆள் தூக்கத் திணறும் கனம். அதன் முதுகில் ஏழு ஸ்பீக்கர்களை மாட்டுவதற்கு ஏழு ஜோடி முனைகள் உண்டு; ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு சேனல் என்று கணக்கு. நான் மாட்டியிருப்பது இரண்டு ஜோடி. மீதி ஐந்து ஜோடியிலும் தூசி அடைகிறது. வாரம் ஒரு முறை அதைத் துடைக்கக் குனியும்போதெல்லாம், யாரும் பார்க்காவிட்டாலும் எனக்கு முகம் சுருங்கிவிடும். ஒரு நல்ல மனிதனை நான் நடத்திய விதம் நினைவுக்கு வரும்.

அவன் என் மனைவியின் தம்பி. எனக்கு மச்சான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவனுடைய பெட்டிகள் போகும். பெட்டிகளை அவனே பலகை அறுத்துச் செய்வான். ஆம்ப்ளிஃபயரும் அவனே கட்டுவான்.

ஆவணியில் சிதம்பரத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்தோம். எங்கள் பக்கத்தில் அக்கா வீடு கட்டினால் தம்பி சீர் வைக்க வேண்டும். பீரோ வரும், கட்டில் வரும், இப்போதெல்லாம் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வருகின்றன. மச்சான் கொண்டுவந்தது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். தெருமுனையிலிருந்து மேளத்தோடு ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் பெண்கள் பழத்தட்டும் புடவைத் தட்டும் ஏந்தி வந்தார்கள். பின்னால் மச்சானும் அவனுடைய கூட்டாளியும் ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார்கள். தேக்குப் பலகை, கண்ணாடி மாதிரி பாலிஷ், நான்கு பக்கமும் சந்தனம் குங்குமம்.

"சீருக்கு மைக் செட்டா கொண்டாந்துருக்கான்?" என்று என் சித்தப்பா கேட்டார். என் பக்கத்து உறவுகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. தம்பி தன் கையால் செய்ததாயிற்றே என்று அவளுக்குப் பெருமை. பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்ததும் மச்சான் என்னிடம் வந்தான்.

"மாமா, இதுக்கு ஆம்ப்ளிஃபயர் நான் ஒன்னு போட்டுத் தர்றேன். ரெண்டு சேனல். அதுக்கு மேல இதுக்கு ஒன்னும் வேணாம்."

"டிவியோட சேக்கணுமே."

"அதெல்லாம் சேக்கலாம். இல்ல, கடையிலதான் வாங்கப் போறீங்கன்னாலும் ரெண்டு சேனலா பாத்து வாங்குங்க. ஏழு சேனல், ஒம்போது சேனல்னு ஜாஸ்தி இருந்தா, குடுக்குற காசு பட்டனுக்குத்தான் போவும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு, ஒரு மைக் செட்காரன் சொல்லி நான் சாமான் வாங்குவதா என்று இருந்தது. இதைவிட நாகரிகமான காரணம் எதையாவது எழுதலாம் என்று பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் எனக்கு ரிசீவர் பைத்தியம். அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே விமரிசனங்களைப் படித்தேன். வீட்டில் சாப்பிடும்போதும் வீடியோ பார்த்தேன். எந்த மாடல், எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம் ஸ்பீக்கர் வரை தாங்கும், டிவி சத்தம் எந்த வயர் வழியாக வரும் என்று அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே ஒரு அட்டவணை போட்டேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பக் கூடாது, இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றாக ஓட்டும்போது எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். இரண்டே ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பவனுக்கு நல்ல இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரே போதும் என்று படித்ததில் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மச்சான் ஒரே வாக்கியத்தில் சொன்னதை நான் இரண்டு மாதம் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு ஏழு சேனல் வாங்கினேன். இரண்டு சேனல் வாங்கினால் அவன் சொன்னதை வாங்கியதாக ஆகிவிடும். தவிர, எங்கள் மேலாளர் வீட்டில் ஐந்து சேனல் இருந்தது.

வயர் வேலையை நானே செய்தேன். வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டு வைத்திருந்தேன். ஹாலில் ஒரு வயர்கூட வெளியே தெரியக் கூடாது என்பது என் ஆசை. வலது பக்கத்துக்கு வயர் சரியாக இருந்தது. இடது பக்கத்துக்கு இரண்டு முழம் குறைந்தது. எலக்ட்ரீஷியன் விட்டுப்போன துண்டு வயர் ஒன்று கிடந்தது. சுவரில் இருந்த சின்ன ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, மூடி போட்டு நான்கு திருகாணியையும் இறுக்கினேன். வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுத்திருந்தார்கள். நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தத்தை விட்டு, தானே அளந்து சரி செய்துகொள்ளும். அளந்து முடித்ததும் டிவியில் ஒரு எச்சரிக்கை வந்தது. இடது ஸ்பீக்கரின் இணைப்பு தலைகீழாக இருப்பதாகத் தெரிகிறது, பிளஸ், மைனஸ் சரிபார்க்கவும் என்று. ரிசீவரின் பின்னால் பார்த்தேன், சிவப்பில் சிவப்பு இருந்தது. ஸ்பீக்கரின் பின்னால் பார்த்தேன், அங்கேயும் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. தாண்டிப் போனேன். சுவருக்குள் நானே போட்ட முறுக்கு ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை.

சத்தம் நன்றாக இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டிய குரல் ஹாலில் எங்கேயோ அலைந்தது. தவில் அடித்தால் தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்டது. இவ்வளவு படித்து, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிசீவர் தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் எது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

"உன் தம்பி பண்ண பெட்டிலதான் கோளாறு," என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சமையலறைக்குப் போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மேலாளரும் அலுவலக நண்பர் ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் அலுவலகத்தில் பீற்றிக்கொண்டதைக் கேட்டு, நேரில் கேட்டுப் பார்க்க வந்தவர்கள். பாட்டுப் போட்டேன். மேலாளர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன சார், சத்தம் வெத்தா இருக்கு?" என்றார். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சரியாக அந்த நேரத்தில் மச்சான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். விடிகாலையில் கடலூர் முதுநகரில் மீன் வாங்கி, அக்காவுக்கு வஞ்சிரம் பிடிக்கும் என்று பையில் போட்டு எடுத்து வந்திருந்தான்.

நான் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வா மச்சான், நீயே கேளு. ஒன் பெட்டி பாடுற லட்சணத்த. இடது பக்கம் கோளாறுன்னு மெஷினே சொல்லுது."

"என்னா சொல்லுது மாமா?"

அந்த எச்சரிக்கையை டிவியில் வரவைத்துக் காட்டினேன். காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம்.

"திருவிழாவுல கத்துற பெட்டி வேற, வீட்ல கேக்குற பெட்டி வேற. இதெல்லாம் ஒனக்குப் புரியாது மச்சான்."

மேலாளர் கூரையைப் பார்த்தார். நண்பர் லேசாகச் சிரித்தார். சமையலறை வாசலில் மீன் பையோடு என் மனைவி நின்றிருந்தாள்.

மச்சான் நேராக டிவி பக்கம் போனான். ரிசீவரை நிறுத்தினான். அதன் பின்னாலிருந்து இடது பக்கத்து வயரைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து ஒரு டார்ச் லைட் பேட்டரியை எடுத்து வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டு, பெட்டியையே பார்த்தான். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு பெட்டிக்கே போய், அதன் முதுகில் மாட்டியிருந்த வயரைக் கழற்றிவிட்டு அங்கேயும் பேட்டரியைத் தொட்டான். மறுபடி 'டக்'.

"என்னா மச்சான், மந்திரமா?" என்றேன். நண்பர் இந்த முறை வாய்விட்டே சிரித்தார்.

மச்சான் எழுந்து நின்றான். சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தான். பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சும்மா பாத்தேன் மாமா. சரி, நான் எடுத்துட்டுப் போறேன். கடையில வச்சுப் பாக்குறேன்."

இரண்டு பெட்டிகளையும் அவனே ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்த் தன் லோடு ஆட்டோவில் ஏற்றினான். முன்பக்கம் இருந்த சந்தனத்தை நான் துடைத்துவிட்டிருந்தேன். முதுகுப் பக்கத்துச் சந்தனம் அப்படியே இருந்தது. அக்கா சாப்பிடச் சொன்னதற்கு, ஒரு கல்யாண ஆர்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் என் மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகின்றன, அப்படி அவள் கேட்டதில்லை.

"எங்க வீட்டால ஒங்களுக்குத் தலகுனிவாப் போச்சு. ஒங்க ஆபீசருங்க என்னா நெனச்சிருப்பாங்க?"

பரவாயில்லை என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். பிறகு அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "பாத்து செஞ்சிருக்கக் கூடாதாடா? வச்ச சீரு திரும்பிப் போனா ஊருல என்னா பேசுவாங்க? என் மானமே போச்சு" என்று அழுதாள். அந்தப் பக்கம் அவன் சொன்னது இரண்டே வார்த்தை. "சரிக்கா, விடுக்கா."

தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குத் தம்பியோடு பேசுவது அவள் வழக்கம். அது நின்றுபோயிற்று. நான்கு மணிக்குப் போனை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள்.

மார்கழி பாதியில் கம்பெனி ஸ்பீக்கர் இரண்டு வாங்கினேன். பழைய வயரிலேயே மாட்டினேன். மைக்கை வைத்தேன். ரிசீவர் அளந்து முடித்து, அதே எச்சரிக்கையைப் போட்டது. அதே இடது பக்கம்.

அப்போதுதான் சுவருக்குள் நான் போட்ட முறுக்கு நினைவுக்கு வந்தது. பிறகு போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்து, ஜங்ஷன் பாக்ஸின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். டேப்பைப் பிரித்தேன். துண்டு வயரின் பிளஸ்ஸை மைனஸில் முறுக்கியிருந்தேன். மாற்றி முறுக்கினேன். பாட்டுப் போட்டேன். குரல் நடுவில் வந்து நின்றது, தவில் வயிற்றில் இறங்கியது. அவ்வளவு நல்ல சத்தத்தைக் கேட்டு அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

இனியாவது சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வழி தேடினேன். ஒரு வீடியோ கிடைத்தது. அதில் ஒருவர் டார்ச் பேட்டரியை வயரில் தொட்டார். பிளஸ், மைனஸ் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் முகத்தில் அதிரும் காகிதம் முன்னால் குதிக்கும், மாறியிருந்தால் உள்ளே போகும் என்று விளக்கினார். மைக் செட் தொழிலில் எல்லோரும் செய்வது இது என்றும் சொன்னார்.

வீடியோவை நிறுத்தினேன். வயரின் ரிசீவர் பக்கத்து முனையில் தொட்டபோது காகிதம் உள்ளே போனதை மச்சான் பார்த்திருக்கிறான். பெட்டியிலேயே தொட்டபோது முன்னால் குதித்ததையும் பார்த்திருக்கிறான். அப்புறம் சுவரில் இருந்த பாக்ஸைப் பார்த்தான். பெட்டியில் குறையில்லை, சுவருக்குள் நான் போட்ட முறுக்குதான் தப்பு என்பது அந்த நிமிடமே அவனுக்குத் தெரியும். தெரிந்தும், விருந்தாளிகள் முன்னால் வாயைத் திறக்காமல் தான் செய்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அதற்கு நான் மந்திரமா என்று கேட்டேன்.

அன்றே மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், பாக்ஸை மூடித் திருகாணிகளை இறுக்கினேன். அவள் ஹாலுக்கு வந்து கேட்டுவிட்டு, "இப்ப நல்லா இருக்கே" என்றாள்.

"புது ஸ்பீக்கர்," என்றேன்.

"கம்பெனி பொருளு கம்பெனி பொருளுதான்," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மச்சான் வரிசை கொண்டுவந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், அக்காவுக்குப் புடவை. எந்த வருடமும் தவறாதது. மற்ற வருடங்களில் அவன் வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்துதான் போவான். இந்த முறை என் மனைவி தட்டை வாங்கி உள்ளே வைத்தாள், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள், உட்கார் என்று சொல்லவில்லை. அவன் வாசலிலேயே நின்று தண்ணீரைக் குடித்தான். அங்கிருந்து பார்த்தால் புது ஸ்பீக்கர்கள் தெரியும்.

"சத்தம் நல்லா கேக்குதா மாமா?"

"ம். நல்லா கேக்குது."

"அப்ப சரி," என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் பொங்கல் பொங்கும்போது என் மனைவியின் கண் கலங்கியிருந்தது. புகை என்றாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

தை கடைசியில் அலுவலக வேலையாகக் கடலூர் போனேன். வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. சிதம்பரம் பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து, பஸ் கிளம்பும் நேரத்தில் இறங்கிவிட்டேன். திருப்பாதிரிப்புலியூருக்கு ஆட்டோவில் போனேன். மச்சான் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு ஈயக் கம்பியால் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பின்சுவர் ஓரமாக ஒரு பழைய வேட்டியால் போர்த்தி அந்த இரண்டு பெட்டிகளும் இருந்தன. அவற்றை அவன் யாருக்கும் விற்கவில்லை.

"மச்சான், பெட்டியில ஒன்னும் இல்ல. வயர நான்தான் மாத்திக் கட்டியிருந்தேன்," என்றேன்.

"தெரியும் மாமா. உக்காருங்க, டீ சொல்றேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"ஒங்க ஆபீசருங்க உக்காந்துருந்தாங்க. அவுங்க எதிர்ல எப்படி சொல்றது? அப்புறமா போன்ல சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அக்கா போன் பண்ணி அழுவுது. அப்பப் போயி மாமா மேலதான் தப்புன்னு சொன்னா ஒங்க ரெண்டு பேருக்குள்ள சண்ட வரும். அதான் விட்டுட்டேன்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் பற்றவைக்கும் வேலையைத் தொடர்ந்துகொண்டே சொன்னான்.

"அக்காகிட்ட ஒன்னும் சொல்லிக்க வேணாம் மாமா. உள்ள ஒரு இணைப்பு விட்டுருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு நானே சொல்லிக்கிறேன்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வந்த பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்த நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையைக்கூட மாற்றாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு வயர், பேட்டரி, அவன் இன்று சொன்னது எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"மார்கழியில."

"அப்ப பொங்கலுக்கு அவன் வாசல்ல நின்னு தண்ணி குடிச்சப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அவன் அந்தப் பெட்டிய எடுத்தாறான். அது மொதல்ல எப்படி வந்துதோ அப்படியே வரணும்."

ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோ தெருமுனையில் நின்றது. என் மனைவி அங்கே போய் இரண்டு பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டாள். நான் துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தேன்.

"மாமா, விடுங்க, நான் தூக்குறேன். பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றான் மச்சான். அன்றைக்கும் அவனுக்கு என் மானம்தான் கவலை. பெட்டியை என் தலையில் ஏற்றிவிடச் சொன்னேன்.

தெரு நீளம் அதிகமில்லை. கழுத்து நடுங்கியது. ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து, "என்ன சார் இது?" என்றார்.

"மச்சான் வச்ச சீரு சார். தெரியாம திருப்பி அனுப்பிட்டேன்," என்றேன்.

பெட்டியை ஹாலில் இறக்கிய பிறகுதான் நான் சொன்ன அந்தத் 'தெரியாம' எனக்கே உறைத்தது. என் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். திரும்பிப் போய் இரண்டாவது பெட்டியைத் தூக்கி வந்தேன். எதிர்வீட்டுக்காரர் அங்கேயே இருந்தார். அவர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நானே நின்றேன்.

"தெரியாம இல்ல சார். தப்பு என்னுதுன்னு தெரிஞ்ச பிறகும் ஒரு மாசத்துக்கு மேல வாயத் தொறக்காம இருந்தேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வாசலில் நின்ற என் மனைவி நகர்ந்து எனக்கு வழி விட்டாள். பிறகு தெருமுனையைப் பார்த்து, "சாப்பிட வாடா," என்று தம்பியைக் கூப்பிட்டாள்.